சுவரில் மாட்டியிருந்ததை நான் வாசிக்கவில்லை

தம்பியை ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் சேர்த்து, ஏழு மாதத்தில் அள்ளிக்கொண்டு ஓடிவந்த கதை இது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேதான். பெயர் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. இன்பாக்ஸில் வந்து கேட்க வேண்டாம்.

தம்பிக்கு 29 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. பேச்சு என்றால் நாலைந்து சொல்தான். குழம்பு சோற்றில் படக்கூடாது, தனிக் கிண்ணத்தில் வேண்டும். பட்டுவிட்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவான். சாயங்காலம் அப்பாவின் பழைய குடையை ஒருதரம் விரித்து மடக்கி வைத்தால்தான் அவனுக்கு அன்றைய பொழுது அடங்கும். அப்பா இப்போது இல்லை. போன ஆனியில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். நான் இருப்பது மார்த்தாண்டத்தில், மாமனார் மாமியாரோடு இரண்டு அறை வீடு. வேறு வழி தெரியவில்லை.

போய்ப் பார்த்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. டைல்ஸ் போட்ட ஹால், மீன் தொட்டி, மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத தெரபி பந்து ஒன்று. 'புதுசா வாங்கியிருக்காங்க போல' என்று சந்தோஷப்பட்டேன். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மூன்று சான்றிதழ். "அக்கா, ஒண்ணும் வெசனப்படாதீங்க, நம்ம பிள்ளை மாதிரிப் பாத்துக்கிடுவோம்" என்றார் மேனேஜர். டெபாசிட் ஒன்றரை லட்சம், மாதம் 16,000. மாற்றுத்திறனாளி உதவித்தொகை மாதம் 2,000 வருகிறதே, அந்த பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் "மருந்துச் செலவுக்கு" அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். கொடுத்தேன். முதல் மூன்று மாதம் வீட்டார் வரக்கூடாது, பிள்ளை இங்கே பழக வேண்டும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். அதன் பிறகும் மாதம் ஒரு ஞாயிறு, சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும், ஹாலோடு சரி.

நாங்கள் போகும் ஞாயிறுகளில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு உட்கார்த்தி வைத்திருப்பார்கள். மெலிந்திருக்கிறானே என்றால், "இங்க டயட்டு" என்பார்கள்.

பிடிபட்டது தை மாதம், அதுவும் தற்செயலாக. நம்ம ஊரில் பிறந்தநாள் என்றால் ஏதாவது ஒரு இல்லத்தில் சாப்பாடு போட்டு போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது இல்லையா? (சாப்பாடு போடுங்கள், புண்ணியம்தான். அவர்கள் முகத்தை எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.) பக்கத்து வீட்டுப் பெண் வைத்த ஸ்டேட்டஸில் கேக்குக்குப் பின்னால் ஓரத்தில் என் தம்பி. யாருடையதோ சட்டை, தோளில் இருந்து வழிகிறது. தலை தொங்கிக் கிடக்கிறது. முன்னால் பிரியாணி, அப்படியே.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் போய் நின்றேன். கேட் திறக்க இருபது நிமிஷம். பின்கட்டில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான். வாயோரம் எச்சில் வடிகிறது, கை விரல்கள் விறைத்திருக்கின்றன, கால் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டு மணிக்கட்டிலும் கைலித் துணியால் கட்டிய தடம். 22 பேருக்கு ராத்திரியில் ஒரே ஒரு ஆள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சமையல்கார அம்மா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "எனக்க பிள்ளே, கொழம்ப ஊத்திக் கொழச்சு வைப்பாவ. அவன் தொடவே மாட்டான். தட்ட அப்படியே எடுத்துக்கிட்டுப் போயிருவாவ." சேர்க்கும்போது அவன் பழக்கம் எல்லாம் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தாள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மாத்திரை அட்டையைப் பார்த்தேன், ஹாலோபெரிடால். எங்கள் டாக்டர் எழுதாதது. சீட்டு கேட்டேன். "தன்னைத்தானே அடிச்சுக்கிட்டான், டாக்டர் போன்ல சொன்னாரு." சீட்டு இல்லை. ஆட்டிசத்தைக் குணமாக்க மாத்திரை கிடையாது. இந்த மாத்திரை ஆளை அமர்த்தும், கூடவே கைகால் விறைப்பும் வரலாம். எங்கே அடித்துக்கொண்டான் என்று கேட்டேன். கன்னத்தில். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது வாயைத் திறந்து பார்த்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை அழுகியிருந்தது. பேசத் தெரியாதவன் வலியை வேறு எப்படிச் சொல்வான்? அதற்குப் பேர் 'சேட்டை'. எடை 64 கிலோவில் இருந்து 53.

கூட்டிப்போகிறேன் என்றதும் மேனேஜரின் குரல் மாறியது. "18 வயசு தாண்டின ஆளு மேடம். காப்பாளர் நாங்கதான், உங்கம்மா எழுதிக் குடுத்திருக்காங்க." 20 ரூபாய் பத்திரம். படுக்கையில் கிடந்த அம்மாவிடம் 'சேர்க்கை பேப்பர்' என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தெரிந்த வக்கீல் ஒருவர் ஃபோனில் பேசிய பிறகுதான் விட்டார்கள். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ளவருக்கு 18 வயதுக்கு மேல் சட்டப்படி காப்பாளரை நியமிப்பது 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் மாவட்டத்தில் இருக்கும் குழு. அதில் கலெக்டர் இருப்பார். பெற்றவர்களும் அங்கே மனு கொடுத்துத்தான் சான்று வாங்க வேண்டும். பத்திரத்தில் எழுதி ஒருவரும் காப்பாளராகிவிட முடியாது. நாங்கள் அந்தச் சான்றை வாங்கி வைக்காததுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

வெளியே வரும்போதுதான் அந்த மூன்று சான்றிதழையும் நின்று வாசித்தேன். ஒன்று சார்பதிவாளர் ஆபீஸில் டிரஸ்ட் பதிந்தது. மற்ற இரண்டும் வருமானவரி, 12ஏ, 80ஜி. 12ஏ என்பது டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு, 80ஜி என்பது நன்கொடை கொடுக்கிறவருக்கு வரிச்சலுகை, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற ஆளுக்குச் சோறு கிடைக்கிறதா என்று அவை சொல்லாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன்படி இல்லம் நடத்தத் தனிப் பதிவுச் சான்று வேண்டும், அதைப் பார்வையில் படும்படி மாட்டவும் வேண்டும். அது அங்கே இல்லை. பதிவு இருக்கிறதா என்று நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்டாலே போதும். வடசேரியில் பஸ் இறங்கி ஒரு ஆட்டோ பிடிக்கிற வேலை. ஒன்றரை லட்சத்தைக் கொண்டு கொட்டுவதற்கு முன் நான் அதைச் செய்யவில்லை.

அந்தப் பின்கட்டில் இன்னும் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள். ஏர்வாடியில் 2001இல் மனநோயாளிகள் இல்லம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் உட்பட 28 பேர் செத்துப் போனார்கள். ராத்திரி ஒரே ஆள், துணிக்கட்டு என்றதும் எனக்கு அதுதான் வந்தது. அதனால் டெபாசிட்டுக்காக மட்டும் இல்லாமல், திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் போட்டோ, மாத்திரை அட்டை, எடைச் சீட்டு எல்லாம் வைத்து மனு கொடுத்து ரசீதும் வாங்கியிருக்கிறேன். பொறுப்பில் இருக்கிறவர் தெரிந்தே சாப்பாடு கொடுக்காமல் விட்டால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. மனுவில் அந்தப் பிரிவையும் எழுதினேன். பாஸ்புக் திரும்ப வந்தது, ஏழு மாதப் பணமும் எடுத்த பிறகு. டெபாசிட் வரவில்லை.

தம்பி இப்போது அம்மாவோடு இருக்கிறான், பகலில் ஒரு ஆள் வைத்திருக்கிறோம், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியாயிற்று. கிண்ணத்தில் குழம்பு தனியாக வைத்தால் சாப்பிடுகிறான். தலை துவட்ட அம்மா தோர்த்துத் துண்டை எடுத்தால் மட்டும், இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டுகிறான். "இல்ல மக்கா, தல துவட்டத்தான்" என்று தினமும் சொல்லிச் சொல்லித் துவட்டுகிறாள். குடையை இன்னும் தொடவில்லை.