மொழியியல் முதுகலை: சிதம்பரமா, டெல்லியா, ஐதராபாத்தா?

தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு முடித்து மொழியியல் படிக்க விரும்புகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் மேலே இருக்கிறது என்பதுதான். மொழியியலைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியால் பயன் குறைவு. ஏனெனில் ஏறத்தாழ ஒரே பெயருள்ள பட்டத்துக்குள் ஓரிடத்தில் மொழிகளைப் பதிவுசெய்து விவரிக்கும் பயிற்சியும், இன்னோரிடத்தில் இலக்கணக் கோட்பாட்டை வைத்து வாதிடும் பயிற்சியும், வேறோரிடத்தில் கணினிக்கு மொழியைப் புரியவைக்கும் பயிற்சியும் தரப்படுகின்றன. பாடத்திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதைவிட, ஒரே வாக்கியத்தை ஒவ்வோர் இடத்திலும் என்ன செய்வார்கள் என்று பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

தமிழ் முதுகலையில் மொழியியல் பொதுவாக ஓரிரு தாள்களாகவே வரும். அங்கே இந்த வாக்கியம் நான்காம் வேற்றுமைக்கு உரியது. கொடை, பகை, நேர்ச்சி, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை என்று நன்னூல் அடுக்கும் பொருள்களில் பசி எதில் அடங்கும் என்று கேட்டால், அந்நூற்பாவிலுள்ள ‘ஆதியின்’ என்ற சொல்லில் அடக்கிக்கொள்ளலாம் என்ற விடை கிடைக்கும். விடை தவறில்லை; ஆனால் ‘எனக்கு’ என்பது இங்கே எழுவாயைப் போல நடந்துகொள்வது ஏன், வினை மட்டும் அஃறிணை ஒருமையில் நிற்பது ஏன் என்ற கேள்விகள் வகுப்பைத் தாண்டிப் போகாமல் நின்றுவிடும். கல்லூரி, பள்ளி ஆசிரியர் பணிகளுக்கு இந்தப் பட்டமே அகலமான வாசல் என்பதால் இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. மேலும், தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையை வரிவரியாகப் படித்துப் பழகியவருக்கு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கும் கூர்மை, நேராக மொழியியலுக்கு வருகிறவர்களிடம் எளிதில் காணப்படுவதில்லை. ஆயினும் மொழியியலையே தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்கு இது முன்தயாரிப்பு மட்டுமே.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 1929இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்தில் வேரூன்றி, 1960களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையமாக ஏற்கப்பட்டு, ச. அகத்தியலிங்கம் போன்றோரால் திராவிட மொழியியலின் முதன்மைக் களங்களுள் ஒன்றாக வளர்ந்தது. சங்க நூல்களின் மொழிக்கு விவரண இலக்கணம் எழுதுவது, வட்டார வழக்குகளைப் பதிவுசெய்வது, நீலகிரி முதலான மலைப்பகுதிகளின் பழங்குடி மொழிகளை ஆராய்வது என்று அங்கே ஒரு மரபு உண்டானது. இலங்கையிலிருந்து மொழியியலாளர் எம். ஏ. நுஃமான் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்ததும் இங்கேதான்.

இந்த மரபில் பயின்றவர் ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை முதலில் எழுத்தில் நம்பமாட்டார். ‘பசிக்குது’, ‘பசிக்கிது’ என்று வட்டாரத்துக்கு வட்டாரம், சமூகத்துக்குச் சமூகம் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒலிக்குறிகளில் எழுதிக்கொண்டு வருவார். அதன்பின் மலையாளத்தின் ‘எனிக்கு விசக்குன்னு’, கன்னடத்தின் ‘நனகெ ஹசிவாகிதெ’ என்று இன மொழிகளை ஒப்பிடுவார். இந்தியிலும் ‘முஜே பூக் லகீ ஹை’ என்று பசிப்பவர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்பதைக் காணும்போது, வெவ்வேறு குடும்ப மொழிகள் நெடுங்காலம் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து பண்புகளைப் பகிர்ந்துகொள்வதைக் குறித்து மொழியியலாளர் எமனோ 1956இல் முன்வைத்த ‘இந்தியா ஒரு மொழியியற் பரப்பு’ என்ற கருத்துக்கு வந்து சேர்வார். தரவிலிருந்து பொதுமைக்கு ஏறும் இந்த வழிதான் சிதம்பரத்தின் பலம். அதன் குறையும் இதை ஒட்டியதே. ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி), உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய கூறு), தொடர் என்று அதிகாரங்களைப் பிரித்து, மொழியின் பெயரை மட்டும் மாற்றி, ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஆய்வேடுகள் விவரண மரபில் ஏராளமாக வந்துவிட்டன. விவரிப்பதோடு நின்று, ஏன் என்று கேட்காமல் விடும் பழக்கம் மாணவரிடம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

மதுரை காமராசர், கோவை பாரதியார், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகளையும் ஏறத்தாழ இதே மரபில் வைத்து மதிப்பிடலாம். புனே தக்காணக் கல்லூரி இம்மரபுக்கே ஒரு தாய்வீடு. 1950களில் அங்கு நடந்த கோடைப் பள்ளிகளில்தான் இந்திய மொழியியலாளர்களின் ஒரு தலைமுறை புதிய விவரண முறைகளைக் கற்றது. மராத்தி, சமஸ்கிருத ஆர்வம் உள்ளவருக்கு அது பொருந்தும். தமிழைத் தரவாகக் கொள்ள நினைப்பவர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

கோட்பாட்டுப் பக்கம் போக விரும்புவோருக்கு டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் டெல்லிப் பல்கலைக்கழகமும், ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது 1958இல் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்காக நிறுவப்பட்ட நிறுவனம் என்பதால், அது ஆங்கிலம் கற்பிக்கும் இடம் என்றே பலர் கடந்துவிடுகிறார்கள். ஆனால் கே. ஏ. ஜயசீலன், ஆர். அமிர்தவல்லி போன்றோரின் பணியால், மனத்திலுள்ள விதிகளின் தொகுதியாக மொழியை விளக்கும் சாம்ஸ்கியின் ஆக்கமுறை இலக்கணத்தைத் திராவிட மொழிகளுக்குப் பொருத்திப் பார்க்கும் ஆய்வு இந்தியாவில் ஆழமாக நடந்த இடங்களுள் அது ஒன்று.

அங்கே நம் வாக்கியம் உடனே ஒரு சோதனைக்கு உள்ளாகும். ‘ராணி குமாருக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தாள்’ என்றால் புத்தகம் ராணியுடையது. ‘தன்’ குமாரைச் சுட்டாது. ‘குமாருக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்’ என்றாலோ ‘தன்’ குமாரையே சுட்டுகிறது. இரண்டு இடத்திலும் உருபு ‘கு’தான், ஆனால் இரண்டாவதில் குமார் எழுவாய்க்குரிய ஓர் உரிமையைப் பெற்றிருக்கிறார். அப்படியானால் எழுவாய் என்பதைத் தீர்மானிப்பது வேற்றுமை உருபா, வினைமுற்று திணை, எண், இடத்தில் ஒத்துநிற்கும் இயைபா, வாக்கிய அமைப்பில் பெயர் நிற்கும் இடமா? உருபை மட்டும் பார்த்து இக்கேள்வியை எழுப்பவே முடியாது. சோதனை வாக்கியம் ஒன்றை உருவாக்கி, அது ஏற்கத்தக்கதா இல்லையா என்று தாய்மொழியறிவைக் கொண்டு முடிவுசெய்து, அந்த முடிவை வைத்து வாதிடும் இப்பயிற்சி மிகக் கூர்மையானது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: ஒரே ஆளின் தாய்மொழியறிவே முழுத் தரவாகிவிடுகிறது. மன்னார்குடிக்காரரும் மட்டக்களப்புக்காரரும் மேற்கண்ட வாக்கியங்களை ஒரே மாதிரி ஏற்பார்களா என்று யாரும் போய்க் கேட்காமலே கட்டுரைகள் எழுதப்படுவதுண்டு. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் பருவத்தில் கோட்பாட்டைவிட ஆங்கில வாசிப்பின் அளவே சுமையாக இருக்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

நேரு பல்கலைக்கழகத்தை முழுக்கக் கோட்பாட்டு முகாமில் சேர்ப்பது நியாயமாகாது. அந்தமான் மொழிகளைப் பதிவுசெய்த அன்விதா அப்பி அங்கே பேராசிரியராக இருந்தவர். 2010 சனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்து, அவரோடு அக்கா-போ மொழி பேசுவோர் அற்றுப்போவதற்குள் அந்த மூதாட்டியின் பேச்சைப் பதிவுசெய்துவைத்தது அப்பியின் பணியே. இரண்டு மரபும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்பவருக்கு அதுவே நல்ல தேர்வு. மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு வழியாகப் போட்டியிட வேண்டும் என்பது மட்டும் தடை.

நான்காவது வழி கணினி மொழியியல். 1998இல் தொடங்கப்பட்ட ஐதராபாத் ஐஐஐடி (பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம்), பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர்களுக்குக் கணினிப் பொறியியலையும் கணினி மொழியியலையும் சேர்த்து ஐந்தாண்டு இரட்டைப் பட்டமாகத் தருகிறது. பள்ளி மாணவர்களுக்கான மொழிப் புதிர்ப் போட்டியான பாணினி மொழியியல் ஒலிம்பியாடில் தேறிப் பயிற்சி முகாமுக்குச் சென்றவர்களுக்குத் தனிச் சேர்க்கை வழியும் உண்டு. ராஜீவ் சங்கல் முதலானோர் வினையோடு பெயர்கள் கொள்ளும் உறவுகளை வகைப்படுத்தும் பாணினியின் காரகக் கொள்கையிலிருந்து உருவாக்கிய குறியீட்டு முறையில், ‘நான் சாப்பிடுகிறேன்’ என்பதிலுள்ள ‘நான்’ கர்த்தா, அதாவது செய்பவர். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதிலுள்ள ‘எனக்கு’ அனுபவ கர்த்தா, அதாவது அனுபவிப்பவர். சிதம்பரத்தில் ஒப்பிடப்பட்டு, கோட்பாட்டு வகுப்பில் வாதத்துக்கு உள்ளான அதே சிக்கலுக்கு இங்கே ஒரு முத்திரை குத்தி, ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் அதை ஒரே சீராகப் பின்பற்ற வேண்டும். அந்தச் சீர்மைக் கட்டாயம் ஒரு நல்ல ஆசான். குறியிடும்போதுதான் நம் இலக்கண வகைகள் எவ்வளவு நெகிழ்வானவை என்பது தெரியவரும். ‘பசிக்கிறதென்றானாம்’ போன்ற ஒட்டுச்சொற்களை எங்கே வெட்டுவது என்பதே தமிழில் முதல் தலைவலி. வேலைவாய்ப்பில் இவ்வழிக்கு ஈடில்லை. செலவு அரசுப் பல்கலைக்கழகங்களைவிடப் பல மடங்கு. எனினும், தரவிலிருந்து தாமே கற்கும் நரம்பு வலையமைப்பு மாதிரிகள் பரவியபின் கையால் இலக்கணம் குறிக்கும் பணியின் மதிப்பு முன்போல் இல்லை என்பதால், இங்கே சேர்பவர் பெரும்பகுதி நேரம் பொறியாளராகவே இயங்கத் தயாராக இருக்க வேண்டும்.

எதைத் தேர்வது என்றால், மொழியியலுக்குள் முதல் அடி வைக்கும் தமிழ் மாணவருக்குக் களஆய்வுத் தாள் உயிரோடு இருக்கும் துறையையே நான் முன்னே வைப்பேன். கோட்பாட்டை நூல்களிலிருந்து பெருமளவு கற்றுக்கொள்ளலாம். நிரலாக்கத்தைப் பின்னாளிலும் பழகலாம். நீலகிரியின் தோடர் மொழியில் வேறுபட்டு நிற்கும் மூன்று ஆடொலி (நாக்கு அதிர்ந்து பிறக்கும்) ரகரங்களைக் காது பிரித்துக் கேட்பதற்கோ, களஆய்வில் தம் மொழியைச் சொல்லித்தரும் தகவலாளி நம்மை மகிழ்விக்கச் சொல்லும் விடையை உண்மையான விடையிலிருந்து பிரித்தறிவதற்கோ, பக்கத்தில் அமர்ந்து திருத்தும் ஆசிரியர் வேண்டும். ஆகவே முதுகலையைச் சிதம்பர மரபிலும் முனைவர் பட்டத்தைக் கோட்பாட்டு மரபிலும் செய்வது எனக்குச் சரியான வரிசையாகப் படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே கணிதத்திலும் மொழிப் புதிர்களிலும் ஒருங்கே ஈடுபாடுள்ளவர் மட்டும் நேராக ஐஐஐடி போகலாம். இளையராய்வாளர் உதவித்தொகையை நம்புகிறவர், நெட் தேர்வில் தமிழும் மொழியியலும் தனித்தனிப் பாடங்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் ஆகும் எண்ணத்தில் மொழியியலுக்கு விண்ணப்பிப்பவர்களும் உண்டு. அது தனித் தொழிற்படிப்பு, மொழியியல் பட்டம் அதற்குத் தகுதி ஆகாது.

மேலே சொன்ன மரபுகளெல்லாம் ஆட்களால் வந்தவை, ஆட்கள் ஓய்வுபெறுகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் அத்துறையில் இப்போது நிரந்தரமாகப் பணியாற்றுவோர் எத்தனை பேர், களஆய்வுத் தாளை நடத்துபவர் யார், மாணவர்கள் கடைசியாக எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டிவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் அத்துறையின் அண்மைய முனைவர் பட்ட ஆய்வேடுகள் இரண்டை இறக்கி, முன்னுரையை விட்டுவிட்டுத் தரவுப் பின்னிணைப்பை முதலில் புரட்டிப் பார்க்கலாம்.