முதல் செக்மேட்: ஏணியா, ராணியா, நான்கு நகர்வா?

சதுரங்கக் காய்கள் நகரும் விதம் பிடிபட்டதும் குழந்தை கேட்கும் முதல் கேள்வி, "எப்படி ஜெயிப்பது?" நம்மில் பலர் உடனே நான்கு நகர்வு செக்மேட்டை, அதாவது நாலே நகர்வில் எதிரி ராஜாவைத் தப்ப வழியின்றித் தாக்கி முடிக்கும் வித்தையைக் காட்டிவிடுகிறோம். நானும் காட்டியிருக்கிறேன். ராணியும் மந்திரியும் சேர்ந்து கறுப்பு ராஜாவை ஒட்டிச் சிப்பாய் நிற்கும் எஃப்7 கட்டத்தைக் குறிவைக்கும். ஆட்டத் தொடக்கத்தில் அங்கே ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்த எதிராளி சிப்பாயை ஜி6க்குத் தள்ளி ராணியை விரட்டுவான். பிள்ளை திகைத்து நிற்கும்.

இரண்டு யானைகளின் ஏணியில் இந்தக் கவர்ச்சி இல்லை. ஆனால் செக்மேட் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு யானை நான்காம் வரிசையில் எதிரி ராஜா தாண்ட முடியாதபடி வேலி போடுகிறது. ஐந்தாம் வரிசையில் நிற்கும் ராஜாவை மற்றது தாக்கி செக் கொடுக்கிறது. ராஜா ஆறாம் வரிசைக்கு ஏறியே ஆக வேண்டும். அடுத்து முதல் யானை ஆறாம் வரிசைக்குத் தாவுகிறது. இப்படியே எட்டாம் வரிசை வரை. செக் கொடுக்கும் யானையைவிட வேலியாக நிற்கும் யானைதான் முக்கியம் என்று குழந்தைக்கு உறைக்கும் கணம் அருமையானது.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ராஜா யானையை நெருங்கி வந்தால் குழந்தை பதறி வேலியையே கலைத்துவிடும். யானை அதே வரிசையின் மறுகோடிக்குப் போனால் போதும். இரண்டு யானைகளும் ஒரே நெடுவரிசையில் நின்றால் ஒன்றை ஒன்று தாண்ட முடியாது.

ராணியும் ராஜாவும் சேர்ந்து முடிப்பதுதான் ஆட்டங்களில் அதிகம் கைகொடுக்கும், சிப்பாய் ராணியாவது அடிக்கடி நடப்பதால். சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் பத்து நகர்வுக்குள் முடியும். ஆபத்து ஸ்டேல்மேட்: செக் இல்லாமலே எதிராளிக்கு நகர்த்த வழியில்லாமல் போய் ஆட்டம் சமனாகிவிடுவது. ஏணியில் ஏறும் ஒவ்வொரு படியும் செக் என்பதால் அங்கே இந்தப் பயம் இல்லை. இங்கோ, ராணி குதிரைத் தாவல் தூரத்தில் எதிரி ராஜாவைத் துரத்தி மூலையில் அடைத்த பிறகும் அதே பழக்கத்தில் இன்னொரு முறை நெருங்கினால் கதை கெட்டது: ராஜா ஏ8, ராணி பி6, செக் இல்லை, போக இடமும் இல்லை, டிரா. ராஜா மூலையைத் தொட்டதும் ராணியை நிறுத்திவிட்டு நம் ராஜாவை நடத்திவர வேண்டும். வென்ற ஆட்டத்தை டிராவாக்கிவிட்டு அழாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

ஆகவே என் வரிசை: முதலில் ஏணி, பிறகு ராணி. நான்கு நகர்வு வித்தை மூன்றாவது, அதுவும் தடுக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று பிள்ளையைக் கறுப்புப் பக்கம் உட்கார வைத்து.