பறவைக்குத் தீன், அணிலுக்குத் தடை: பின்வளவுக்கு எது சரிவரும்?

ரொறன்ரோ பக்கம் பின்வளவில் சூரியகாந்தி விதை போட்டு ஃபீடர் (பறவைக்குத் தீன் வைக்கும் கூடு) தொங்கவிட்டால், கார்டினல் குருவி எட்டிப் பார்ப்பதற்கு முன்னமே அணில் வந்துவிடும். ஊரில் பார்த்த, முதுகில் கோடு போட்ட சின்ன அணிலை நினைக்க வேண்டாம். இங்குள்ள சாம்பல் அணில் அரைக் கிலோ வரும். கறுப்பாகத் திரிவதும் அதே இனம்தான், நிறம் மட்டும் வேறு. நின்ற இடத்திலிருந்து நாலைந்து அடி எம்பும்; பக்கவாட்டில் எட்டடி வரை பாயும். ஆகவே கடைக்குப் போகமுதல் அளவு நாடாவோடு வளவுக்குள் இறங்குங்கள்.

சுற்றிவர இடம் இருந்தால் இரும்புக் கம்பமும் அதில் மாட்டும் தகரக் குழாய்த் தடுப்பும்தான் என் முதல் தெரிவு. அணில் கம்பத்தில் ஏறிக் குழாய்க்குள் தலையை விடும், மேல்பக்கம் மூடியிருப்பதால் திரும்பி இறங்கும். இதற்கு 5-7-9 என்று ஒரு கணக்கு உண்டு: ஃபீடர் தரையிலிருந்து 5 அடி உயரம், மரம், வேலி, சுவர் எதிலிருந்தும் 7 அடி தூரம், மேலே நீளும் கிளைக்கு 9 அடி கீழே. 7 அடியை நான் 10 ஆக்கச் சொல்வேன். இதில் ஒன்று பிசகினாலும் தடுப்பைத் தொடாமலே அணில் மேலே குதித்துவிடும். ஸ்காபரோ, மார்க்கத்தில் இரண்டு பக்கமும் வேலி நெருக்கும் வளவுகளில் இந்த அளவு அநேகமாகக் கிடைக்காது.

அப்படிப்பட்ட வளவுக்கு, பாரம் விழுந்தால் மூடிக்கொள்ளும் ஃபீடர். கியூபெக்கின் புரோம் நிறுவனம் செய்யும் ஸ்குவிரல் பஸ்டர் இந்த வகை. வெளிக்கூடு ஸ்பிரிங்கில் நிற்கிறது. கார்டினல் ஐம்பது கிராமுக்குள்தான், அது உட்கார்ந்தால் ஒன்றும் அசையாது. அணில் பிடித்துத் தொங்கியதும் கூடு சரிந்து விதைத் துளைகளை மூடிவிடும். ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்தால் புறாவையும் தடுக்கலாம். ஒரே ஒரு விஷயம்: கிளையோடு ஒட்டித் தொங்கவிடக் கூடாது. பின்னங்கால் இரண்டாலும் கிளையைக் கவ்விக்கொண்டு தலைகீழாக நீண்டால் பாரம் கூட்டில் விழாது, ஆறுதலாக இருந்து தின்னும். சுற்றிவர ஒன்றரை அடியாவது விடுங்கள். விலை கூடத்தான், ஆனாலும் கொடுக்கலாம்.

கம்பிக்கூட்டுக்குள் இருக்கும் ஃபீடரை நான் வாங்கமாட்டேன். கம்பி இடைவெளிக்குள் நுழைய முடியாமல் சாம்பல் அணிலோடு கார்டினலும் வெளியே நிற்கும். சிப்மங்க் என்ற சின்ன அணில் வகை உள்ளே போய்விடும்.

மிளகாய் பூசிய விதை உண்மையிலேயே வேலை செய்யும். உறைப்பை உணரும் ஏற்பி பாலூட்டிகளிலும் பறவைகளிலும் ஒரேமாதிரி இல்லை, பறவைக்கு உறைக்காது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. எங்கள் வீடுகளில் மிளகாய்த்தூளுக்குப் பஞ்சமில்லை என்பதற்காக அதை அள்ளிக் கலக்க வேண்டாம். காற்றில் பறந்து உங்கள் கண்ணிலும் பிள்ளைகளின் கண்ணிலும் படும், மழையில் கழுவுண்டு போகும். விதையில் ஒட்டும்படி தயாரித்து விற்பதை வாங்குங்கள். பசி முற்றிய அணில் அதையும் தாங்கிக்கொண்டு தின்னும் என்பதால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

செலவு குறைந்த வழி குசும்பா (safflower) விதை. கசப்பு என்பதால் பல அணில்கள் சீண்டாது. கார்டினலும் சிக்கடீ என்ற சின்னக் குருவியும் உண்ணும். பாரத்துக்கு மூடும் ஃபீடருக்குள் இதைப் போட்டால் சின்ன வளவுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கம்பத்தில் கிரீஸ், வாசலின் பூசுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இறகில் ஒட்டினால் பறவையால் அதைச் சுத்தம்செய்ய முடியாது, குளிரைத் தாங்கும் சக்தியும் போய்விடும். தை மாதக் குளிரில் அது உயிருக்கே ஆபத்து.

பொறி வைத்துப் பிடித்துத் தூரத்துப் பூங்காவில் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒன்ராறியோவில் பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடுவது சட்டப்படி குற்றம். அதற்குள் விட்டால் அது திரும்பி வரக்கூடும், வராவிட்டாலும் பக்கத்து வளவு அணில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.