தண்டையார்பேட்டை பகல்நேர முதியோர் மையம்: அத்தையைச் சேர்த்த பிறகு எழுதுகிறேன்

காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். மதியச் சாப்பாடு உண்டு. மாதம் 4,500 ரூபாய். என் மாமியார் காசிமேட்டில் மீன் விற்றவர். முட்டி தேய்ந்து கூடை தூக்க முடியாமல் போனதும் டிவி முன்னால் உட்கார்ந்தே கிடந்தார். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால்தான் சேர்த்தோம்.

இடம் சுத்தம், நல்ல காற்றோட்டம். நர்ஸ் தினமும் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுகிறார். முதியோர் உதவி எண் 14567-ஐச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாடு சுமார்தான்.

என் குறை, ஊழியர்கள் பெரியவர்களை நடத்தும் விதத்தில். "பாட்டிம்மா, எங்கே, கை தட்டுங்க பார்ப்போம்!" விடியற்காலை ஏலத்தில் நின்று, ஒரு கூடை சங்கராவை என்ன விலைக்கு எடுத்தால் கையில் எவ்வளவு நிற்கும் என்று மனக்கணக்காகவே சொல்பவரிடம் தாமரைப்பூ படமும் கலர் பென்சிலும் கொடுத்தால் என்ன ஆகும்? "நான் இன்னா எல்கேஜியா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

நான் சமூகப்பணி படித்தவள். முதுமையில் மனிதர்கள் சமூகத்திலிருந்து மெல்ல ஒதுங்குவது இயல்பு, அது இரு தரப்புக்கும் நல்லது என்று முதுமையை ஆராய்ந்த கம்மிங், ஹென்றி இருவரும் 1961-இல் சொன்னார்கள். இல்லை, சுறுசுறுப்பாக இருப்பவர்தான் நிறைவாக இருப்பார் என்பது இன்னொரு ஆய்வாளரான ஹேவிகர்ஸ்டின் வாதம். இந்த மையம் ஹேவிகர்ஸ்ட் பக்கம். ஆனால் கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதே துறை ஆய்வாளர் ராபர்ட் ஆட்ச்லி 1989-இல் எழுதியதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: இத்தனை வருஷம் பழகிய வேலை, பழக்கம், ஆட்கள் இவற்றின் தொடர்ச்சியைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலானோர் முதுமைக்குப் பழகுகிறார்கள்.

இந்த மையத்தில் ஆண்களுக்கு அந்தத் தொடர்ச்சி தானாகவே அமைந்துவிட்டது. ஒரு கேரம் போர்டு இருக்கிறது. வடசென்னையில் கேட்க வேண்டுமா! ஹார்பரில் வேலை பார்த்த பெரியவர்கள் பவுடர் தூவி உட்கார்ந்தால் டீ வந்ததுகூடத் தெரியாது. பெண்களுக்குத்தான் பஜனையும் கலர் பென்சிலும்.

அத்தையை மீட்டது சமையல்கார அக்கா. ஒருநாள் அவர் வாங்கிவந்த காணாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்த அத்தை, "இத்த எவன் குடுத்தான்? ஐஸ்ல கெடந்து வெளுத்துப் போயிருக்குது பாரு" என்றாராம். அதிலிருந்து மீன் வாங்கும் முன் அத்தையிடம்தான் யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, விலை எகிறும். அப்போது அத்தை பழைய கூட்டாளிகளுக்குப் போன் போட்டு, நாட்டுப்படகு மீன் எங்கே வருகிறது என்று விசாரித்துச் சொன்னார். இப்போது காலையில் வேன் வருவதற்கு முன்பே வாசலில் நிற்கிறார். நிர்வாகம் இதைத் தடுக்கவில்லை, அதற்கு ஒரு மார்க். ஆனால் இது அவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை. சேரும்போது கேட்கும் படிவத்தில் சுகர், பிரஷர், ஆபரேஷன் எல்லாம் இருக்கிறது. என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை.

கட்டணமும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அரசு தரும் முதியோர் உதவித்தொகையை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். அதை நம்பி கொருக்குப்பேட்டைச் சந்துகளில் தனியாக இருக்கும் ஆயாக்கள் இந்தப் பக்கமே வர முடியாது. ஒரு தனியார் மையத்தை இதற்குக் குறை சொல்லி என்ன பயன்?

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சேர்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். வேன் படி உயரம், ஏற ஒரு மணை போடச் சொல்லுங்கள். கேட்டால் போடுகிறார்கள். கைப்பிடி வைத்த கழிப்பறை ஒன்றுதான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே வரிசை நிற்கும்.