சிம்பிள் கரண்ட் மிரரா, கேஸ்கோடா?
கரண்ட் மிரர்னா ஒரு கரண்ட்ட காப்பி பண்ணி இன்னொரு இடத்துக்கு குடுக்கற சர்க்யூட், கேஸ்கோட்னா அதுமேல இன்னொரு அடுக்கு டிரான்சிஸ்டர் வச்ச வகை. ஐசி (சிப்) டிசைன்ல எந்த மிரர் போடறதுன்னு குழம்புறவங்களுக்கு இது.

டிரான்சிஸ்டர்: சிம்பிள்ல 2, கேஸ்கோட்ல 4.

அவுட்புட் வோல்டேஜ் (மிரர் சரியா வேலை செய்ய குறைஞ்சது வேண்டியது): திரெஷோல்ட் (டிரான்சிஸ்டர் ஆன் ஆக வேண்டிய கேட் வோல்டேஜ்) 0.5, ஓவர்டிரைவ் (அதுக்கு மேல குடுக்கறது) 0.2 வோல்ட்னு வச்சுக்கோங்க, சிம்பிளுக்கு 0.2 இருந்தா போதும், சாதா கேஸ்கோட் 0.9 கேக்கும், 1.8 வோல்ட் சப்ளைல பாதி அங்கயே போயிடும், வைட் ஸ்விங் (கம்மி வோல்டேஜ்லயே ஓடற கேஸ்கோட் வகை) போட்டா 0.4ல முடியும் ஆனா தனி பயாஸ் (டிரான்சிஸ்டர சரியான நிலையில வைக்கற வோல்டேஜ் இல்ல கரண்ட்) வேணும்.

துல்லியம்: சிம்பிள்ல டிரெய்ன் (டிரான்சிஸ்டரோட அவுட்புட் முனை) வோல்டேஜ் ஏறினா கரண்டும் ஏறும். கேஸ்கோட்ல ரொம்ப கம்மியாத்தான் அசையும். ஆனா திரெஷோல்ட் மிஸ்மேட்ச்ச (ஒரே மாதிரி போட்ட டிரான்சிஸ்டர்களுக்குள்ள வர்ற சின்ன வித்தியாசம்) கேஸ்கோட் சரி பண்ணாது, இத நிறைய பேர் மறந்துடறாங்க, அதுக்கு டிரான்சிஸ்டர் பரப்பத்தான் கூட்டணும், 4 மடங்கு ஆக்கினா மிஸ்மேட்ச் பாதியாகும்.

சாதாரண பயாஸுக்கு சிம்பிளே போதும், சேனல் (டிரான்சிஸ்டர்ல கரண்ட் ஓடற பாதை) நீளத்த மட்டும் கூட்டிக்கோங்க. அதிக கெய்ன் (சிக்னல் பெருக்கம்) வேணும்ங்கிற ஆம்ப்ளிஃபயர் லோடுக்கு நான் வைட் ஸ்விங் கேஸ்கோட்தான் சொல்லுவேன்.