திருப்பூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: கவுண்டபிள் பாடம் தேறுமா?

பனியன் கம்பெனிகளில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்காகத் திருப்பூரில் நடக்கும் சாயங்கால வகுப்பு இது. பையருக்குப் பிழையில்லாமல் மெயில் எழுத வைப்பதுதான் நோக்கம். மற்ற பாடங்கள் சுமார் ரகம். எஸ் சேர்த்துப் பன்மையாக்கக்கூடிய பெயர்ச்சொல் கவுண்டபிள், அப்படி ஆக்க முடியாதது அன்கவுண்டபிள். இந்தப் பாடத்தில்தான் சரக்கு இருக்கிறது, சறுக்கலும் இருக்கிறது.

நம்மவர்கள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்து பயிற்சி தயாரித்திருக்கிறார்கள். 'பத்து கார்ட்டன் போயாச்சுங்க' என்றால் தமிழில் போதும், 'கள்' தேவையில்லை. அதே வாக்கில் 'டென் கார்ட்டன்' என்று எழுதி எஸ்ஸை விட்டுவிடுகிறோம். 'தகவல்கள்', 'கருவிகள்' என்று பழகிய வாய்க்கோ 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' தானாக வந்துவிடும். இரண்டு தப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்தச் சொல்வது கெட்டிக்காரத்தனம்.

துணிக் கணக்குப் பகுதி இன்னும் நன்று. நிட்டிங் துணி இங்கே கிலோக் கணக்குதானே? 'டூ ஹண்ட்ரட் கிலோஸ் ஆஃப் ஃபேப்ரிக்' என்பதில் எண்ணும் எஸ்ஸும் கிலோவோடு ஒட்டிக்கொள்ள, ஃபேப்ரிக் அப்படியே நிற்கும். கேட்கும்போது 'ஹவ் மச் ஃபேப்ரிக்', 'ஹவ் மெனி கிலோஸ்'. டிஃபெக்ட் குறைந்தால் 'ஃபியூவர் டிஃபெக்ட்ஸ்', வேஸ்டேஜ் குறைந்தால் 'லெஸ் வேஸ்டேஜ்'.

கோளாறு, 'எண்ண முடிந்தால் கவுண்டபிள்' என்று முதல் நாளே போர்டில் எழுதிப்போடும் விதியில். கல்லாவில் உட்கார்ந்து எண்ணுவது பணத்தைத்தான், ஆனால் 'மனி' அன்கவுண்டபிள், 'ருப்பீ' (ரூபாய்) கவுண்டபிள். 'மெஷின்' கவுண்டபிள், 'மெஷினரி' இல்லை. பொருளைப் பார்த்தால் பிடிபடாது, சொல்லைத்தான் சோதிக்க வேண்டும்: முன்னால் 'எ' போட்டு, பின்னால் எஸ் சேர்த்துப் பார்க்கணும்.

விடைப் பக்கத்தில் 'யார்ன்ஸ்' (நூல்கள்) தவறு என்று போட்டிருக்கிறார்கள். காட்டன், பாலியஸ்டர் என்று வகைகளைச் சொல்லும்போது அது சரிதான். பேக்கரியில் இரண்டு கப் டீயை 'டூ டீஸ்' என்று கேட்பதும் சரி. அதற்கும் சிவப்பு மை. பொள்ளாச்சித் தேங்காய் முழுசாக இருந்தால் 'எ கோகனட்', துருவிச் சட்னியில் போட்டால் 'சம் கோகனட்'. இந்த இரட்டை வேடம் பாடத்தில் எங்குமே இல்லை.

மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் பெயர்ச்சொல் பக்கத்தில் சி (கவுண்டபிள்), யூ (அன்கவுண்டபிள்) என்ற எழுத்துகள் இருக்கும். இரண்டும் இருந்தால் அர்த்தத்துக்கு அர்த்தம் மாறும். வகுப்பில் சேருகிறவர்கள் அப்படியொரு அகராதியைக் கையோடு கொண்டுபோவது நல்லது, விடைப் பக்கத்தைச் சரிபார்க்கவாவது ஆகும்.