‘தானே நடு பிடிக்கும்’ டோவல் ஜிக் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இரண்டு பலகைகளை மரமுளைகளால் (டோவல்) இணைக்க, பலகைத் தடிமனின் நடுவில் நேராகத் துளையிட உதவும் கருவிதான் டோவல் ஜிக். டிரில் பிட்டுக்கு வழிகாட்டும் அதன் உலோகக் குழாய்தான் புஷ். “கடினப்படுத்திய எஃகு புஷ், தானே நடு பிடிக்கும், 6, 8, 10 மி.மீ. துளைகள், பிட்டும் முளையும் சேர்த்தே” என்று விளம்பரம். பெட்டியில் வந்ததோ வேறு. புஷ் மெத்தென்ற உலோகம், ஜிக் நடுவைப் பிடிக்கவில்லை, கூட வந்த முளைகளில் ஒன்றுக்கொன்று அளவு சேரவில்லை. விற்றவரிடம் கேட்டால், “மரத்தில் பயன்படுத்திவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது” என்று பதில். துளை போட்டுப் பார்த்தால்தானே குறை தெரியும் என்ற வாதம் எடுபடவில்லை. ஆகவே டிரில் மெஷினைத் தொடாமலேயே எதையெல்லாம் சோதித்துவிட முடியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

புஷ்ஷில் தொடங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் அது அலுமினியம். ஒட்டினாலும் நம்பிவிட வேண்டாம், சாதாரண இரும்பும் ஒட்டும். கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் சின்ன அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். கடினப்படுத்திய எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். பிடித்துப் பொடி உதிர்ந்தால் அது மென்மையானது; பிட்டின் விளிம்பு உரசி உரசிச் சீக்கிரமே துளை பெரிதாகிவிடும். அடுத்து, நல்ல 8 மி.மீ. பிட்டின் தண்டை 8 மி.மீ. புஷ்ஷுக்குள் விட்டு அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தாலே அதிகம். புஷ்ஷின் நீளம் 20 மி.மீ., இடைவெளி 0.3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பிட் சாய்ந்து இறங்கி 20 மி.மீ. ஆழத்துக்குப் போவதற்குள் இன்னொரு 0.3 மி.மீ. விலகிவிடும். புஷ் குட்டையாக இருந்தால் விலகல் இன்னும் கூடும். அதே தண்டை உள்ளே விட்டபடியே மூலைமட்டத்தை ஜிக்கின் அடிப்பக்கத்தில் வைத்து, தண்டு செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு திசையிலும் பாருங்கள். ஒரு டிகிரி சாய்வு 20 மி.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 0.35 மி.மீ. பிழை.

இனிதான் முக்கியமான சோதனை. இந்த வகை ஜிக்கில் நடுவில் ஒரு திருகு, அதன் ஒரு பாதியில் வலமரை, மறுபாதியில் இடமரை. கைப்பிடியைத் திருகினால், பலகையை இருபுறமும் கவ்வும் இரண்டு தாடைகளும் ஒரே வேகத்தில் நெருங்கி வரவேண்டும். மரையில் ஆட்டம் இருந்தால் ஒரு தாடை முந்தும், மற்றது பிந்தும். இதைக் கண்டுபிடிக்க ஒரு 18 மி.மீ. துண்டுப் பலகையின் விளிம்பில் குறுக்கே பென்சில் கோடு போட்டு, நடுப் புஷ்ஷை அதன்மேல் வைத்து இறுக்குங்கள். கூர்முனை உள்ள பிராட் பாயிண்ட் பிட்டைக் கையாலேயே திருகி ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். கழற்றி, அதே திசையில் மறுபடி மாட்டி இன்னொரு புள்ளி. மூன்றாவதும் வையுங்கள். மூன்றும் ஒரே குழியில் விழவேண்டும். பிறகு ஜிக்கைத் தலைகீழாக, அதாவது இடது தாடை வலப்பக்கம் வரும்படி திருப்பி மாட்டி நான்காவது புள்ளி. முதல் குழிக்கும் இதற்கும் உள்ள தூரத்தில் பாதிதான் ஜிக்கின் நடுப்பிழை. ஆனால் பலகைகளைச் சேர்க்கும்போது ஒரு பலகையில் ஜிக் திரும்பிவிட்டால், முழுத் தூரமும் மேற்பரப்பில் படியாக நிற்கும். முக்கால் மி.மீ. படி என்றாலே ஒட்டிய பலகையை இழைத்து மட்டமாக்க வேண்டிவரும். மேல் மர அடுக்கு மெல்லியதாக உள்ள பிளைவுட்டில் அதுவும் முடியாது.

முதல் மூன்று புள்ளிகளும் சிதறினால் யோசிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தைப் பிடிக்கிற ஜிக்கை எந்த உத்தியாலும் காப்பாற்ற முடியாது. மூன்றும் ஒன்றாக விழுந்து நான்காவது மட்டும் தள்ளி நின்றால், பிழை நிலையானது. அதை வைத்துக்கொண்டு ஒழுங்காகவே வேலை செய்யலாம். ஒரு தாடையில் பெயிண்டால் அடையாளம் வையுங்கள். இரண்டு பலகைகளிலும் முகப்புப் பக்கத்தைப் பென்சிலால் குறியுங்கள். பெயிண்ட் தாடை எப்போதும் முகப்பையே தொடவேண்டும். அப்போது இரண்டு துளையும் ஒரே பக்கமாக விலகும், முகப்பு சமமாக உட்காரும். மூன்று புஷ்ஷையும் பயன்படுத்தவும் வேண்டாம். இரண்டாவது பலகையில் அவற்றின் வரிசை இடவலமாக மாறிவிடும், புஷ்களுக்கிடையே தூரம் சமமாக இல்லாவிட்டால் முளை உள்ளே போகாது. இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்கே கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுப் புஷ்ஷை மட்டும் நகர்த்தி வைத்துத் துளையிடுங்கள்.

பெட்டியில் வரும் பிட்டுகள் பெரும்பாலும் இரும்புக்கான சாதாரண ட்விஸ்ட் பிட். மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு விலகி ஓடும். ஆழம் நிறுத்தும் வளையத்தின் குட்டித் திருகு பிட்டின் பள்ளத்தில் சரியாகப் பிடிக்காமல் மெல்ல மேலேறும். பத்தாவது துளை முதல் துளையைவிட ஆழமாகப் போய், பலகையின் மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும். அந்த வளையத்துக்குப் பதில் ஒரு மரக்கட்டையில் துளைபோட்டு, தேவையான நீளத்துக்கு வெட்டிப் பிட்டில் மாட்டினால் நகரவே நகராது. 8×40 முளைக்கு (8 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம்) விளிம்போடு விளிம்பு சேர்க்கையில் இரண்டு பக்கமும் 21 மி.மீ., மொத்தம் 42. அந்த 2 மி.மீ. உபரி பசைக்கும் காற்றுக்கும். 18 மி.மீ. பலகையின் முகத்தில் துளையிட்டால் 12க்கு மேல் போகாதீர்கள், மீதி 30 மற்ற பலகையின் விளிம்பில். பிட்டில் ஆழத்தை அளக்கும்போது புஷ்ஷின் உயரத்தைக் கூட்டுங்கள். கூர்முனையிலிருந்து அளக்காமல், பிட்டின் வெட்டும் விளிம்பிலிருந்து அளங்கள்.

கூட வந்த முளைகளைத் தனித்தனியாக அளந்தே பயன்படுத்துங்கள். விரலால் அழுத்தி, கடைசியில் லேசாகத் தட்டினால் போகவேண்டும். தொளதொளவென்று விழுவதை ஒதுக்கிவிடுங்கள், மரப்பசை அந்த இடைவெளியை நிரப்பித் தாங்காது. இறுக்கமாக இருந்தால் ஈரம் குடித்திருக்கலாம். வெதுவெதுப்பான இடத்தில் உலரவிட்டு மறுபடி பாருங்கள். நீளவாட்டில் வரிப்பள்ளம் இல்லாத முளையை அப்படியே அடிக்கக் கூடாது. அடைபட்ட பசை வெளியேற வழியில்லாமல் பலகையையே பிளந்துவிடும்.

புதிதாக வாங்குகிறவர்கள் புஷ் எந்த உலோகம், எவ்வளவு நீளம், தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அந்த நான்கு புள்ளிகளின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்து, டிரில் மெஷினில் பிட்டை மாட்டுவதற்கு முன்பே புகாரை அனுப்பிவிடுங்கள்.